ஓருடலும் ஈருளமும்

மேசையொன்றைச் சுற்றி ஐவர் அமர்ந்திருக்கின்றனர். நடுவே ஒரு வரைபடம். ஒவ்வொருவர் முன்னும் ஒரு தாள், ஒரு பென்சில், சில பகடைகள். ஐவருள் ஒருவர் கதையை நடத்திச் செல்லும் நடுவர். ஏனைய நால்வரும் அக்கதையில் உலவும் மாந்தராக ஆடுகின்றனர்: ஒருவர் வாள்வீரர், ஒருவர் மந்திரவாதி, ஒருவர் மதகுரு, ஒருவர் வில்லாளி. பாழடைந்த மாளிகையொன்றினுள் அவர்கள் புகுந்திருக்கும் வேளையிலே, அங்கு அலையும் ஆவியொன்று வாள்வீரரின் உடலிற் குடிபுகுந்துவிட்டதாக நடுவர் அறிவிக்கின்றார். வாள்வீரர் திரும்புகின்றார், தம் தோழர்மீதே வாளை ஓங்குகின்றார். மந்திரவாதியாக ஆடுபவர் பதற்றத்துடன், "அவனை நான் வசியஞ் செய்கிறேன்" என்கின்றார்.

நடுவர் சிறிது நேரம் பேசாதிருக்கின்றார். பின்னர், "எவனை?" என்று வினவுகின்றார்.

விளையாட்டு மேசையில் எழுந்த வினாவே எனினும், அது விளையாட்டான வினா அன்று. ஓருடலில் இருவர் இருக்கும்போது நாம் சொல்லும் சொல் எவர் செவியிற் சேரும்? நாம் ஓங்கும் வாள் எவரை வெட்டும்? மெய்யியலாளர் இத்தகைய வினாக்களை முடிவின்றி ஆராய்ந்துகொண்டிருக்கலாம். விளையாடுவோர்க்கு அந்த வசதி இல்லை. அடுத்த பகடை உருளுமுன் விடை வேண்டும். ஆகவே, உளம் யாது, உடல் யாது, ஆள் யார் என்பனபற்றி இவ்விளையாட்டின் விதிநூல்கள் ஒரு முடிவுக்கு வரவேண்டியவை ஆயின. அம்முடிவுகள் எவை என்பதும், அவற்றாற் காக்கப்படுவது யாது என்பதுமே இக்கட்டுரையின் பொருள்.

இவ்விளையாட்டின் பெயர் 'டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்'. நிலவறைகளும் பறவைநாகங்களும் என நாம் அதனைப் பொருள்கொள்ளலாம். ஐக்கிய அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்து லேக் ஜெனீவா என்னும் ஊரில் வாழ்ந்த கரி கைகாக்ஸ் என்பவரும், அயல் மாநிலமான மினசோற்றாவைச் சேர்ந்த டேவ் ஆர்னசன் என்பவரும் இதனை இயற்றினர். 1974 ஆம் ஆண்டில் மூன்று சிறு நூல்களாக ஒரு பெட்டியில் அடங்கி இது வெளிவந்தபோது முதலில் அச்சிடப்பட்டவை 1,000 பிரதிகளே. இன்று உலகின் பல பாகங்களிலும் ஆடப்பெறும் மேசைப் பாத்திர விளையாட்டுக்கள் யாவற்றிற்கும் இதுவே முன்னோடி.

ஆடும் முறை எளியது. ஒவ்வொருவரும் தம் பாத்திரம் செய்வதை வாயாற் கூறுவர். அச்செயல் கைகூடுமோ என்பது ஐயத்துக்குரியதாயின், இருபது முகங் கொண்ட பகடை உருட்டப்படும். பாத்திரத்தின் இயல்புகளை ஆறு எண்கள் குறிக்கும். வலிமை, இலாகவம், உடலுறுதி என்னும் மூன்றும் உடலைச் சார்ந்தவை. அறிவு, விவேகம், ஆளுமை என்னும் மூன்றும் உளத்தைச் சார்ந்தவை. மனிதனை இவ்வாறு இருகூறாக்கி எண்ணிட்டு வைத்தமையே, பின்னர் ஆவி புகுந்த உடலைப்பற்றித் தீர்ப்புக் கூறுதற்கு வழியமைத்தது.

இன்னுமொன்றை ஈண்டுக் கருதுதல் வேண்டும். இவ்விளையாட்டில் மலையும் மாளிகையும், அரசனும் அரக்கனும், மழையும் வெயிலும் நடுவரின் உடைமை. ஆடுபவரின் உடைமை ஒன்றே: தம் பாத்திரம் அடுத்து என்ன செய்யும் என்று துணியும் உரிமை. மனத்தைப் பற்றும் மந்திரம் அந்த ஒன்றையே பறிக்கின்றது. வாள்வெட்டினால் உயிர்ப்புள்ளிகள் குறையலாம். பொன்னும் பொருளும் களவு போகலாம். அவற்றால் ஆட்டம் சுவைகெடுவதில்லை. தன் பாத்திரத்தைப் பிறர் ஆட்டக் கண்டு வாளாவிருப்பவரோ ஆட்டத்திலிருந்தே வெளியேற்றப்பட்டவர் ஆகின்றார். எனவே வசியம்பற்றிய விதிகள் யாவும் உரிமைபற்றிய விதிகளே.

அவ்விதிகளின் வரலாறு சுவையானது. 1974 ஆம் ஆண்டு நூலில் வசிய மந்திரத்துக்குக் கால எல்லை கூறப்படவில்லை. வசியமானவன் மந்திரவாதியின் பிடியில் முற்றாக அகப்படுவான். வேறொரு மந்திரத்தால் அது நீக்கப்படும்வரை அவனுக்கு மீட்சியில்லை. 1978 இல் வந்த விரிவான நூல் இதனை மாற்றியது. வசியமானவன் குறித்த காலத்துக்கொருமுறை பகடை உருட்டி விடுபட முயலலாம். அக்கால இடைவெளியை அவனது அறிவே அளவிடும். அறிவு எண் மூன்றும் அதற்குக் கீழும் உள்ளவன் மூன்று மாதத்துக்கொருமுறையே முயலலாம். பத்தொன்பதும் அதற்கு மேலும் உள்ளவன் நாள்தோறும் முயலலாம். அறிவுடையோனைப் பிறர் நெடுங்காலம் அடிமைகொள்ளல் இயலாது என்னும் நம்பிக்கை அந்த அட்டவணையில் அடங்கியிருக்கின்றது. கல்வித் தொழில் புரிவோர் அதனைக் கண்டு சற்றே மகிழலாம்.

2014 இல் வெளியான ஐந்தாம் பதிப்பிலோ வசியத்தின் ஆயுள் ஒரு மணி நேரமே. வசியமானவன் மந்திரவாதியை நட்புக்குரிய ஒருவனாகக் கருதுவான், அவ்வளவே. மணி கழிந்ததும், தான் வசியஞ் செய்யப்பட்டதை அவன் அறிந்துகொள்வான். அந்த அறிவு அவனுக்கு உரியது. மந்திரவாதி அதனை மறைக்க இயலாது. எல்லையற்ற அடிமைத்தனத்தில் தொடங்கிய ஒரு விதி, நாற்பது ஆண்டுகளில், ஏமாற்றப்பட்டவன் ஏமாற்றத்தை உணரும் உரிமையில் வந்து நிற்கின்றது.

வசியம் வெளியே நின்று உளத்தை இழுப்பது. ஆவேசம் உள்ளே புகுந்து உளத்தை ஒதுக்குவது. ஐந்தாம் பதிப்பு இவ்விரண்டையும் நுட்பமாக வேறுபடுத்துகின்றது. வசியத்தை எதிர்ப்பவன் தன் விவேகத்தின் துணைகொண்டு பகடை உருட்டுவான். மெய்யையும் பொய்யையும் பகுத்துணரும் ஆற்றலே அங்கு வேண்டப்படுவது. ஆவி புகுவதை எதிர்ப்பவனோ தன் ஆளுமையின் துணைகொண்டே உருட்டல் வேண்டும். 'நான் நானே' என்று நிலைநிற்கும் வன்மையே அவனைக் காப்பது. ஆவியை விலக்குதற்கு வேண்டிய எண் 13. ஆளுமையால் ஏற்றமோ இறக்கமோ இல்லாத ஒருவன் இருபது முகப் பகடையில் 13 அல்லது அதற்கு மேற்பட்டது பெறும் வாய்ப்பு நூற்றுக்கு நாற்பதே. ஆளுமையால் ஐந்து புள்ளி மிகையாகப் பெறுபவனுக்கு அது அறுபத்தைந்து ஆகின்றது.

இனி, பிறர் உடலில் வாழ்வோர் யாவரும் ஒருவகையினர் அல்லர். விதிநூல் காட்டும் மூவகையினரை இங்கு நோக்குவோம்.

முதலாவது, நம் வாள்வீரரைப் பற்றிய ஆவி. அஃது உடலைத் தன் வசப்படுத்துகின்றது. ஆயின் உடலுக்குரியவரின் உணர்வை அழிப்பதில்லை. அவர் உள்ளேயே விழித்திருக்கின்றார். தம் கை தோழர்மீது வாளோங்குவதைத் தாமே காண்கின்றார். தடுக்க மட்டும் இயலாதவராய் இருக்கின்றார். ஆவி தன் அறிவு, விவேகம், ஆளுமை ஆகியவற்றைத் தன்னுடனே கொண்டுவரும். வலிமை முதலியவற்றை உடலிடமிருந்து பெறும். உடலுக்குரியவரின் நினைவுகளும், அவர் பயின்ற கலைகளும் அதற்குக் கிட்டா. ஒரே வீட்டில் உரியவரை அறைக்குள் அடைத்துவிட்டுக் குடியிருக்கும் கள்வனைப் போன்றது அது. வீடு அவனிடம் இருக்கின்றது. பெட்டகத்தின் திறப்பு அவனிடம் இல்லை.

இரண்டாவது, 'மந்திரச் சாடி' என்னும் மந்திரத்தை ஏவும் மந்திரவாதி. அவன் தன் ஆன்மாவை அணிபெற்ற கலமொன்றில் வைத்து, அங்கிருந்து நூறு அடி எல்லைக்குள் நிற்கும் மனிதனொருவனின் உடலிற் பாய முயல்வான். வெற்றி பெற்றால் உடலுக்குரியவனின் ஆன்மா அக்கலத்தினுட் சிறைப்படும். கூடுவிட்டுக் கூடு பாய்தல் நமக்குப் புதியதன்று. எனினும் திருமூலர் புகுந்தது உயிர் நீங்கிக் கிடந்த மூலன் என்னும் இடையனின் உடலில்; அங்கு வெளியேற்றப்பட்டவர் எவருமில்லை. இங்கோ உயிருள்ளவன் தன் வீட்டிலிருந்து துரத்தப்பட்டு, சாடிக்குள்ளிருந்து அனைத்தையும் பார்த்துக்கொண்டிருக்கின்றான்.

மூன்றாவது மிகக் கொடியது. நான்கு கால்களுடன் நடமாடும் மூளை போன்ற உருவுடைய ஒரு பிராணியை இவ்விளையாட்டிலே காணலாம். அறிவை விழுங்குவது என்பதே அதன் பெயரின் பொருள். செயலிழந்து கிடக்கும் மனிதனின் மூளையை உண்டு, அவன் மண்டையோட்டினுள் அமர்ந்து, அது அவனாக நடமாடும். ஆவிக்குக் கிட்டாத நினைவுகள் யாவும் இதற்குக் கிட்டும். அவன் அறிந்த மொழிகளையும் மந்திரங்களையும் அது அறியும்.

இவ்வேறுபாட்டின் பயனை ஒரு சோதனையாற் காணலாம். ஐயத்துக்குரிய தோழனிடம், அவன் மட்டுமே அறிந்த ஒரு செய்தியைக் கேட்கின்றோம். ஆவி விழிக்கும், அகப்பட்டுவிடும். மூளையுண்ட பிராணியோ பிழையின்றி விடை கூறும். சரியான விடை கேட்டு நாம் ஆறுதல் அடையும் அக்கணத்திலே, நம் தோழன் இறந்து நெடுநேரம் ஆகியிருக்கலாம். நினைவு முழுவதும் இருந்தும் ஆள் இல்லாமற் போகலாம்; நினைவு ஒன்றும் வெளிப்படாதபோதும் ஆள் உள்ளே இருக்கலாம். ஆளை நினைவினால் அடையாளங் காண்பவர்க்கு இவ்விளையாட்டு விடுக்கும் எச்சரிக்கை இது.

இப்பொழுது நடுவரின் வினாவுக்குத் திரும்புவோம். மந்திரவாதி ஏவிய வசியம் எவரைச் சேரும்?

ஐந்தாம் பதிப்பின் விடை தெளிவானது. உடலில் இருக்கும்போது ஆவியைத் தனியே குறிவைத்து எந்த மந்திரத்தையும் ஏவ இயலாது. இறந்தோரை விரட்டும் ஆற்றல் ஒன்றே அதற்கு விலக்கு. மேலும், வசியத்துக்கும் அச்சத்துக்கும் இடங்கொடாத தன் இயல்பை ஆவி அவ்வுடலிலும் இழப்பதில்லை. ஆகவே வசியம் பலிக்காது. வசியமாகாதோரைத் துயில் மந்திரமும் தீண்டாது என்பது விதியாதலின் அதுவும் பயனற்றது. ஆயின், அசையவொட்டாது ஆளைக் கட்டும் மந்திரம் பலிக்கும். கட்டுண்ணாத இயல்பு ஆவிக்குத் தன் சொந்த வடிவில் உண்டு. பிறர் உடலிலோ அதனை அது கொண்டுவர இயலாது. மனித உடலை ஏற்றவன் அவ்வுடலின் தளைகளையும் ஏற்றல் வேண்டும். அத்தளையை அறுக்க முயல்கையில் ஆவி தன் சொந்த விவேகத்தைக்கொண்டே பகடை உருட்டும்.

சாடியிலிருந்து பாய்ந்த மந்திரவாதியின் நிலை வேறு. அவன் உயிருள்ள மனிதன். வசியத்தைத் தடுக்கும் தனியியல்பு எதுவும் அவனுக்கு இல்லை. எனவே வசியம் உடலைத் தொட்டு, உள்ளிருக்கும் கள்வனைச் சேரும். அவன் நம்மை நண்பராகக் கருதுவான், உடலை விட்டு நீங்குமாறு நாம் அவனை வேண்டலாம், கட்டளையிட இயலாது. மூளையுண்ட பிராணியின் விடயத்தில், வசியம் பலித்தாலும் பலன் இல்லை. நம் நண்பனாவது நண்பனைக் கொன்றதே அன்றோ?

முந்திய பதிப்புக்களில் இச்சிக்கல் இன்னும் கடினமாயிருந்தது. 2000 ஆம் ஆண்டு வெளியான மூன்றாம் பதிப்பே, 'மனத்தைத் தாக்குவன' என்னும் பெயரிட்டு ஒருசார் மந்திரங்களைத் தனியே வகுத்தது. உளமில்லாத உயிர்களையும், இறந்தும் நடமாடும் பிணங்களையும் ஆவிகளையும் அவை தாக்கா என விதித்தது. அதன் 2003 ஆம் ஆண்டுத் திருத்தத்தில், தீமையிலிருந்து காக்கும் காப்பு மந்திரத்துக்கு அமைந்த எல்லை மிக நுட்பமானது. அக்காப்பு, புகவரும் ஆவியை வெளியே நிறுத்தும். முன்னரே புகுந்துவிட்ட ஆவியை வெளியேற்றாது. வசியப்பட்டவனை அது விடுவிப்பதும் இல்லை. காப்பு நிலைக்கும் வரையில் ஏவலைச் செயலற்றதாக்கும், அவ்வளவே. காப்பு முந்தி முடிந்தால் ஏவியவன் மீண்டும் ஏவுவான். வருமுன் காத்தல் வேறு, வந்தபின் நீக்கல் வேறு என்பதனை ஊர்ப் பரிகாரியாரும் அறிவார், விதிநூலும் அறிந்திருந்தது.

எனவே புகுந்ததை நீக்கும் வழி யாது? நம் வாள்வீரரின் தோழர்முன் மூன்று வழிகள் உள்ளன. ஒன்று, வாள். உடலின் உயிர்ப்புள்ளிகள் முற்றாக ஒழியின் ஆவி வெளியேறும். ஆயின் அவ்வுடல் நண்பனது. ஐந்தாம் பதிப்பில் இவ்விடத்து ஒரு கருணை வைக்கப்பட்டிருக்கின்றது: அருகில் நின்று படைக்கலத்தால் இறுதி அடி அடிப்பவர், கொல்லாது மயக்கமுறச் செய்யத் துணியலாம். தொலைவிலிருந்து எய்யும் அம்புக்கு அந்த உரிமை இல்லை. கொல்லாமல் விடவேண்டுமாயின் கிட்டச் செல்லல் வேண்டும். கிட்டச் செல்பவர் தாமும் வெட்டுண்ணலாம்.

இரண்டாவது, மதகுருவின் விரட்டும் ஆற்றல். முப்பது அடிக்குள் நின்று கேட்கும் ஆவி, தன் விவேகத்தால் எதிர்க்கத் தவறின் ஓடிவிடும். மூன்றாவது, தீயதை அகற்றும் உயர்ந்த மந்திரமொன்று. அதனைக் கைவரப் பெற்றவர் ஆவி பற்றியவரைக் கையாற் தொட்டால் போதும். எதிர்த்து உருட்டுதற்கும் ஆவிக்கு இடமில்லை. வெளியேறிய ஆவி ஐந்து அடி தொலைவுக்குள் தன் உருவில் தோன்றும். இருபத்துநான்கு மணி நேரத்துக்கு அதே ஆவி அவரை மீண்டும் பற்ற இயலாது. பகைவன் தன் முகத்தோடு எதிரே நிற்கின்றான். நண்பன் தன் முகத்தைத் திரும்பப் பெறுகின்றான். இனி வாளை எவர்மீது ஓங்குவதென்பதில் மயக்கமில்லை.

இவ்விதிகள் அனைத்தினூடும் ஓர் அறம் ஊடுருவி நிற்கின்றது. கை செய்த குற்றம் எப்பொழுதும் ஆள் செய்த குற்றம் ஆகாது. மேசையைச் சுற்றியிருக்கும் இளைஞர்கள், தம்மை வெட்ட வருபவனைப் பார்த்து, 'இவன் அவனல்லன்' என்று எண்ணிப் பார்க்கும்படி விதி அவர்களை நிறுத்துகின்றது. அவ்வாறு எண்ணாது வெட்டியவர்க்கு வெற்றி கிட்டலாம், தோழன் கிட்டமாட்டான்.

1980 ஆம் ஆண்டுகளில் ஐக்கிய அமெரிக்காவில் இவ்விளையாட்டின்மீதே ஆவேசக் குற்றம் சாட்டப்பட்டது. மகனை இழந்த தாயொருவர், அவன் இறப்புக்கு இவ்விளையாட்டே காரணம் என நம்பி, 1983 இல் அதனை எதிர்க்கும் இயக்கமொன்றைத் தொடங்கினார். பேயும் பில்லிசூனியமும் இளைஞரின் உள்ளத்தைப் பற்றிக்கொள்ளும் என்ற அச்சம் நாடெங்கும் பரவியது. 1989 இல் வெளியான இரண்டாம் பதிப்பில், பேய்க் கூட்டத்தைக் குறிக்கும் பழைய பெயர்கள் நீக்கப்பட்டுப் புனைபெயர்கள் இடப்பட்டன. ஒரு தாயின் துயரை எள்ளி நகையாடுதல் நமக்கு ஏற்புடையதன்று. ஆயினும், எந்த விளையாட்டு ஆவேசத்தை ஓர் இழப்பாகவும் கொடுமையாகவும் காட்டி, அதிலிருந்து மீளும் வழிகளை எண்ணிட்டு வைத்ததோ, அதனையே ஆவேசத்தின் வாயில் என்று கொண்டமை விந்தையே. மேசையில் இருப்பவர் பேயாகவும் ஆடலாம். ஆட்டம் முடிந்ததும் பென்சிலை வைத்துவிட்டுத் தாமாகவே எழுந்து செல்வார்.

வெளியே நின்று உளத்தை இழுப்போரும், உள்ளே புகுந்து நம் வாயாற் பேசுவோரும் மந்திர உலகில் மட்டும் வாழ்பவர் அல்லர். கூட்டத்தின் வெறியில் கல்லெடுத்த கை மறுநாட் காலையில் யாருடைய கையாக இருக்கின்றது? அந்தக் கைக்குரியவர் வசியப்பட்டவரா, ஆவேசப்பட்டவரா, அன்றித் தம் விருப்பினாலே எறிந்தவரா? இவ்வினாவுக்கு விடை தருதற்கு வாழ்க்கையில் இருபது முகப் பகடை இல்லை. ஆயினும் வினாவை எழுப்பும் பழக்கம் நல்லது.

பாழடைந்த அம்மாளிகைக்குள், மந்திரவாதி தம் வசியத்தை மடக்கிக்கொள்கின்றார். கட்டு மந்திரத்தை ஏவி நண்பனின் உடலை அசைவற நிறுத்துகின்றார். வில்லாளி அம்பைத் தாழ்த்துகின்றார். ஓங்கிய வாள் ஓங்கியபடியே நிற்க, மதகுரு அதன் கீழே நடந்து சென்று, உள்ளே விழித்திருக்கும் ஒருவரின் தோளிற் கை வைக்கின்றார்.